பயலும் வயலும், ஏரும் ஏரியும்: சித்தூர் – திருப்பதி நிலச்சொற்களும் பயண நூல் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

தெலுங்கிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது எளிது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இரண்டும் ஓரின மொழிகள். தொடரமைப்பு பெரும்பாலும் ஒத்திருக்கிறது. வடசொற்கள் இரண்டிற்கும் பொது. அடிப்படைச் சொற்களிற் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆயின் இந்த ஒற்றுமையே மொழிபெயர்ப்பாளரை வழுவச் செய்யும் இடங்களும் உள்ளன. முற்றிலும் அயலான சொல் தன்னை அயற்சொல் என அறிவித்துவிடும். உறவுச்சொல் அவ்வாறு அறிவிப்பதில்லை. பார்வைக்கு அறிந்த முகமாகத் தோன்றி, வேறு பொருளை உள்ளே வைத்திருக்கும்.

இச்சிக்கல் பிற நூல்களைவிடப் பயண நூல்களில் மிகுதி. பயண நூல் நிலத்தைச் சொல்லும் நூல். வெளி, நீர்நிலை, மலை, ஊர் ஆகியவற்றின் பெயர்களே அதன் உடல். அவற்றுள்ளும் சென்னையிலிருந்து வடமேற்கே சென்று சித்தூர், திருப்பதிப் பகுதியைக் கடக்கும் பயணங்களைத் தமிழாக்கும்போது சிக்கல் இரட்டிக்கிறது. அங்கே இரு மொழிகளும் ஒரே நிலத்தின்மீது நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளன. ஏனுகுல வீராசாமியின் 'காசி யாத்திரை சரித்திரம்' என்னும் தெலுங்கு நூலை மையமாகக் கொண்டு அந்நிலச்சொற்களை எவ்வாறு பெயர்க்கலாம், எவ்வாறு பெயர்க்கலாகாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நூலும் அதன் நடையும்

ஏனுகுல வீராசாமி சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். 1830 மே 18 ஆம் நாள் ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பரிவாரத்துடன் சென்னையிலிருந்து புறப்பட்டார். திருப்பதி, கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், ஐதராபாத்து, நாகபுரி வழியாகக் காசியை அடைந்து, 1831 செப்டம்பர் 3 ஆம் நாள் சென்னை திரும்பினார். வழியில் எழுதிய குறிப்புகளை நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பி வந்தார். அவற்றைத் தொகுத்து அந்நண்பர் 1838 இல் நூலாக வெளியிட்டார். 1941 இல் திகவல்லி வேங்கடசிவராவின் பதிப்பும், 1973 இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன.

இந்நூலின் நடை இலக்கிய நடையன்று. தங்கிய ஊர், அதுவரை கடந்த தொலைவு, பாதையின் தன்மை, சத்திரம் உண்டா, கடைகள் உண்டா, தண்ணீர் எப்படி என்ற முறையில் ஒவ்வொரு தங்கலும் மதிப்பிடப்படுகிறது. பின்னால் வரும் யாத்திரிகருக்குப் பயன்படவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே இந்நூலில் வரும் நிலச்சொற்கள் அணிகள் அல்ல, செய்திகள். பல்லக்குச் சுமப்போர் மேட்டில் ஏறினரா, சமவெளியில் நடந்தனரா, குடிநீர் ஆற்றிலிருந்து வந்ததா, தேக்கிய நீரா என்பதை அவை தெரிவிக்கின்றன. ஒரு சொல் பிழையாகப் பெயர்க்கப்படுமாயின் நடையழகு மட்டும் கெடுவதன்று, வழியே தவறிவிடும்.

3. வெளி: பயலும் வயலும்

திறந்த வெளியைக் குறிக்கும் தெலுங்குச் சொற்களுள் ஒன்று 'பயலு'. முதலெழுத்து ஒலிப்புடைய பகரம். தமிழில் இதற்கு உறவான சொல் 'வயல்'. இரண்டும் ஓரினம் என்பதை ஒப்பியல் அகராதிகள் காட்டுகின்றன. ஆயின் பொருள் பிரிந்துவிட்டது. தமிழில் வயல் என்றால் நீர்பாயும் விளைநிலம். நெல் அங்கே தானே நினைவிற்கு வரும். தெலுங்கில் அச்சொல் மறைப்பற்ற வெட்டவெளியைச் சுட்டும். 'ஊருக்கு வெளியே பயலில் இறங்கினர்' என்னும் பொருளுடைய தெலுங்குத் தொடரை 'வயலில் இறங்கினர்' என்று பெயர்த்தால், பரிவாரம் முழுவதையும் சேற்றில் நிறுத்தியதாகும். சொல்லை அப்படியே 'பயலு' என எழுதினாலோ, தமிழ் எழுத்தில் ஒலிப்புடைய பகரத்திற்குத் தனி வடிவம் இன்மையால், படிப்போர் சிறுவனைக் குறிக்கும் 'பயல்' எனக் கொள்வர். 'வெளி', 'திடல்', 'பொட்டல்' ஆகியவற்றுள் இடத்திற்கேற்ற ஒன்றே பொருந்தும்.

இச்சொல் வேறோர் இடத்திலும் முதன்மை பெறுகிறது. பயணத் தெலுங்கில் அடிக்கடி வரும் வினை 'பயலுதேரு'. ஒவ்வொரு நாளின் குறிப்பும் இவ்வினையை வேண்டுகிறது. வெளியை அடைதல் என்பது அதன் உள்ளமைப்பு. தமிழின் 'புறப்படு' என்னும் வினையும் புறத்தே படுதல் என்றே அமைந்தது. இங்கே வேர் வேறு, சொல்லாக்கம் ஒன்று. பயலுக்கு வயல் நிகரன்று. பயலுதேருவுக்குப் புறப்படு முழு நிகர். வேரொற்றுமையை நம்பினால் தவறும் இடத்தில் சொல்லாக்க ஒற்றுமை கைகொடுக்கிறது.

4. நீர்: ஏரும் ஏரியும்

நீர்நிலைச் சொற்களில் பிழைக்கு வாய்ப்பு மேலும் மிகுதி. தெலுங்கில் 'ஏரு' என்பது ஓடும் ஆறு. தமிழ்ச் செவிக்கு அது 'ஏரி' என ஒலிக்கும். ஏரு, ஏரி இரண்டும் உறவுச்சொற்கள் அல்ல. ஏருவுக்கு உறவு 'யாறு' என்னும் பழைய வடிவத்தையுடைய 'ஆறு'. பழைய தெலுங்கில் இது வல்லின றகரத்துடன் எழுதப்பட்டது. தமிழ் யாகாரத்திற்கு நேராகத் தெலுங்கில் ஏகாரம் வருவது முறையான ஒலி இணைவு. யாண்டு என்பதற்கு ஏடு, யானை என்பதற்கு ஏனுகு, யாறு என்பதற்கு ஏறு என இவ்வரிசை அமையும். நூலாசிரியரின் இல்லப்பெயராகிய 'ஏனுகுல' என்பதிலேயே யானை நிற்கிறது.

இவ்விணைவை அறியாமையின் விளைவு இன்றும் காணக்கூடியது. கிருஷ்ணா நீர் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வருவதால், அப்பெயர் தமிழ் நாளிதழ்களில் பழகிய பெயர். அதன் ஈற்றைத் தமிழ் வாசகர் 'ஏரி' என்றே உணர வாய்ப்புண்டு, பெயரிலுள்ளது ஆறு. பெண்ணையாற்றுக்கும் தெலுங்கில் வழங்கும் 'பென்னேரு' என்பதற்கும் உள்ள ஒப்புமை இவ்வுறவை ஒருசேரக் காட்டும்.

தமிழ் 'ஏரி'க்கு நேரான தெலுங்குச் சொல் 'செருவு'. கரை கட்டி மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் நிலை இரண்டிற்கும் பொது. இங்கு 'ஏரி' எனப் பெயர்ப்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. திருமலை – திருப்பதிக் கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொருளை ஏரி, கால்வாய்ப் பணிகளில் ஈடுபடுத்தி, அதனால் மிகுந்த விளைச்சலைக் கொண்டு படையல் நடத்திய முறையை அவை பதிவு செய்கின்றன. இப்பொருளியல் முறையை வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியுள்ளார். ஆகவே அந்நிலத்துச் செருவை ஏரி என்பது தமிழை வலிந்து ஏற்றுவதாகாது.

ஆயின் செருவு ஊர்ப்பெயருக்குள் நிற்கும்போது நிலைமை மாறுகிறது. திருப்பதிக்கு அருகே கிருஷ்ணதேவராயர் பெயரால் அறியப்படும் 'ராயல செருவு' உள்ளது. 2021 நவம்பர் மாதப் பெருமழையில் அதன் கரையில் கசிவு ஏற்பட்டு, கீழுள்ள சிற்றூர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். இதனை 'ராயல செருவு ஏரி' என எழுதினால், 'ராயரின் ஏரி ஏரி' என்றாகும். 'ராயலசெருவில்' என்று மட்டும் எழுதினால், செரு என்பதைப் போர் எனக் கற்ற தமிழ் வாசகருக்கு நீரே தோன்றாது. முதல் வருகையில் 'ராயல செருவு என்னும் பேரேரி' என இயைத்துவிட்டு, பின்னர்ப் பெயரை மட்டும் ஆள்வதே தக்க வழி. கூறியது கூறலும் இல்லை, பொருளும் மறையவில்லை.

உவர்நீர்ப் பரப்பு மூன்றாவது வகை. 2022 ஏப்ரல் 4 இல் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டைப் பகுதியும், அதனுடன் பழவேற்காட்டு நீர்ப்பரப்பின் ஒரு பகுதியும் அதனுள் வந்தன. தெலுங்கில் இதனைச் செருவு என்பதில்லை, 'சரஸ்ஸு' என்பர். தேக்கிய நன்னீரும் கடல்புகும் உவர்நீரும் அங்கே இரு சொற்களால் பிரிகின்றன. தமிழாக்கத்தில் இரண்டையும் ஏரி என்றால் அவ்வேறுபாடு அழிகிறது. தமிழில் 'காயல்', 'உப்பங்கழி' என்னும் சொற்கள் இதற்கென்றே உள்ளன. அதன் பெயரும் எச்சரிக்கைக்குரியது. பழவேற்காடு ஐரோப்பியர் நாவில் புலிகாட் ஆகி, அவ்வடிவமே தெலுங்கிலும் நிலைத்தது. தெலுங்கு நூலிலிருந்து பெயர்ப்போர் அதனைப் 'புலிக்காடு' என எழுதினால், இல்லாத காட்டையும் இல்லாத புலியையும் படைத்தவராவர்.

5. மலை: கொண்டயும் குன்றும், கோனயும் கோணமும்

தெலுங்குக் 'கொண்ட' என்பதும் தமிழ்க் 'குன்று' என்பதும் ஓரினச் சொற்களாகக் கொள்ளப்படுகின்றன. அளவில் அவை ஒன்றல்ல. தமிழில் குன்று சிறியது, மலை பெரியது. தெலுங்கில் கொண்ட என்பது பெருமலையையும் உள்ளடக்கும். சிறு குன்றுக்குக் 'குட்ட' என்னும் தனிச்சொல் உண்டு. எனவே கொண்டக்கு மலை, குட்டக்குக் குன்று என்பதே பொருள்நிலை இணைவு. இதற்கு மக்கள் வழக்கே சான்று. தெலுங்கர் 'ஏடுகொண்டலவாடு' என்று அழைக்கும் இறைவனைத் தமிழர் 'ஏழுமலையான்' என்பர். ஓரினச் சொல்லை நாடி எவரும் 'ஏழுகுன்றான்' என்றதில்லை. இலக்கண நூல் கல்லாத யாத்திரிகர் கூட்டம் செய்த மொழிபெயர்ப்பு இது, பிழையற்றது.

திருமலை ஏற்றத்தின் செங்குத்தான பகுதி இன்னொரு சான்று. தெலுங்கில் முழங்கால்களைச் சுட்டி 'மோகாள்ள மெட்டு' என்பர். தமிழ் வைணவ வழக்கில் அது 'முழங்கால் முறிச்சான்'. இரு மொழியினரும் ஒரே வலியை உணர்ந்து, தத்தம் மொழியியல்பின்படி பெயரிட்டுள்ளனர். 'முழங்கால் மேடு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது, வழங்கும் பெயரை விட்டு வழங்காத பெயரைப் படைப்பதாகும்.

'கோன' என்னும் சொல் மலையிடுக்கை, நீரோடும் பள்ளத்தாக்கைக் குறிக்கும். தலகோன, கைலாசகோன ஆகிய அருவியிடங்களின் பெயர்களில் அது நிற்கிறது. தமிழில் அதனைக் 'கோணம்' ஆக்கினால் மூலை என்னும் பொருள் புகும். பொதுச்சொல்லாக வருமிடத்தில் 'மலையிடுக்கு' அல்லது 'பள்ளத்தாக்கு' எனலாம். பெயருள் வருமிடத்தில் தெலுங்கு ஒலியையே காத்தல் வேண்டும்.

மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலை, கடப்பை ஆட்சியராக இருந்த ஆங்கிலேயரின் பெயரால் வழங்குகிறது. அதன் தெலுங்குப் பெயர் 'ஏனுகு மல்லம்ம கொண்ட'. ஆங்கிலப் பெயர் அதிகாரியின் கோடைத் தங்கலைச் சொல்கிறது. தெலுங்குப் பெயர் யானையோடு தொடர்புடைய மல்லம்மாவின் கதையைச் சொல்கிறது. மூலநூல் எப்பெயரை ஆள்கிறதோ அதனையே ஆளுவதன்றி, மொழிபெயர்ப்பாளர் தம் விருப்பப்படி மாற்றுதல் கூடாது. பெயர்த் தேர்வு, பேசுவோர் எந்த உலகைச் சேர்ந்தவர் என்பதன் அடையாளமாகும்.

6. ஊர்ப்பெயர்: மீட்பும் இழப்பும்

ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. முதலாவது, ஆங்கில எழுத்தின் வழியாகப் பெயர்களைக் கொணர்தல். ரோமன் எழுத்து குறில் நெடிலையும், தகர டகரங்களையும், னகர ணகரங்களையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதன் விளைவாகப் பீலேரு 'பிலேரு' ஆகிறது. திருமலை 'திருமலா' ஆகிறது. பின்னது வியப்பிற்குரியது. தமிழ் ஐகார ஈறு தெலுங்கில் அகரமாக நிற்பதால் தெலுங்கர் 'திருமல' என்பர். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, தமிழுக்குத் திரும்பி வரும்போது ஈறு நீண்டு, தமிழுமன்றித் தெலுங்குமன்றி நிற்கிறது.

இரண்டாவது, பழைய தமிழ்ப் பெயர்களை மீட்டு எழுதுதல். திருச்சானூர் 'திருச்சுகனூர்' ஆகவும், சித்தூர் 'சிற்றூர்' ஆகவும், சுவர்ணமுகி 'பொன்முகலி' ஆகவும் மாற்றப்படுகின்றன. இதன் பின்னணியில் உணர்ச்சி உண்டு, அது புரிந்துகொள்ளத்தக்கதே. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ்கூறும் நிலத்தின் வடவெல்லையாகச் சுட்டுகிறது. 1911 இல் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953 இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபின், ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் ஆகியோர் முன்னின்ற வடவெல்லைப் போராட்டத்தின் பின்னணியில், பட்டாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 முதல் எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில சிற்றூர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. சிற்றூரை அலகாகக் கொண்டு, பேசும் மொழியை அளவுகோலாக்கிய அத்தீர்வில் மொழியே எல்லைக்கல் ஆயிற்று. அத்தகைய நிலத்தில் ஊர்ப்பெயரை மாற்றி எழுதுதல் வெறும் எழுத்து வேறுபாடாகக் கருதப்படுவதில்லை. உரிமைக் கோரிக்கையாகவே படிக்கப்படும்.

ஆயினும் 1830 இல் பல்லக்கில் சென்ற தெலுங்கர் ஒருவரின் வாயில் 'பொன்முகலி' என்னும் சைவத் திருமுறைப் பெயரை வைப்பது வரலாற்றுப் பிழை. அவர் கேட்ட பெயரும் சொன்ன பெயரும் அதுவன்று. அதே வகையில், திருமுறைகளைத் தெலுங்காக்குவோர் முகலியை நீக்கிச் சுவர்ணமுகியை வைத்தாலும் பிழையே. பெரியபுராணத்துத் திண்ணனார் தூர்ஜடியின் காவியத்தில் தின்னடு ஆவதைத் தமிழாக்குவோரும் இவ்வுணர்வோடு அணுகவேண்டும். கதை ஒன்று, சொல்லும் மரபு இரண்டு.

மேலும் அந்நிலத்தின் பெயர்கள் ஒரு மொழிக்கு மட்டும் உரியனவாக இருந்ததில்லை. 'அலர்மேல்மங்கை' என்னும் தமிழ்த்தொடர் தெலுங்கில் 'அலமேலுமங்க' ஆயிற்று; தமிழிலும் 'அலமேலு' என்னும் தேய்ந்த வடிவமே மக்கட்பெயராக நிலைத்தது. புங்கனூர் என்னும் பெயரில் தமிழ்ச் செவிக்குப் புங்கமரம் கேட்கும். தெலுங்கில் அம்மரம் கானுக. 1993 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தெலுங்குச் சிறுகதையாசிரியர் மதுராந்தகம் ராஜாராம் வாழ்ந்த ஊர் தாமலசெருவு. அவருடைய இல்லப்பெயரோ தமிழகத்தின் புகழ்பெற்ற ஏரிக்கரை ஊரின் பெயர். ஒரே எழுத்தாளரின் முகவரியில் ஏரியும் செருவும் அருகருகே நிற்கின்றன. இக்கலப்பை நீக்கி எழுதும் மொழிபெயர்ப்பு, எம்மொழியின் பக்கம் சாய்ந்தாலும், அந்நிலத்தைக் காட்டத் தவறியதாகும்.

7. கொள்ளத்தக்க முறை

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம். பொதுச்சொற்களைப் பொறுத்தவரை, வேரை நோக்காது செயலை நோக்குதல் வேண்டும். செருவு ஏரியாகவும், ஏரு ஆறாகவும், பயலு வெளியாகவும், கொண்ட மலையாகவும் வரும். இயற்பெயர்களைப் பொறுத்தவரை, வாழும் வழக்கே அளவுகோல். தமிழர் இன்றும் வழங்கும் பெயர் இருப்பின் அதனை ஆளலாம்; திருப்பதி, திருமலை, சித்தூர், முழங்கால் முறிச்சான் என்பன இத்தகையன. நூல்களில் மட்டும் எஞ்சிய பெயரை மீட்டுப் புகுத்தலாகாது. தமிழ் வழக்கே இல்லாத பெயரைத் தெலுங்கு எழுத்திலிருந்து நேராக ஒலிபெயர்த்தல் வேண்டும். ஒரே ஊருக்குத் தமிழில் இரு வழக்கு இருப்பின், பேசுவோர் எவர் என்பது தீர்மானிக்கும். தமிழ்ச் சைவர் நூலில் திருக்காளத்தி, வீராசாமி நூலில் காளஹஸ்தி.

இவ்வாறு செய்தால் தமிழ் வாசகருக்கு இடர்ப்பாடு நேரும் எனத் தடை எழுப்பலாம். இடர்ப்பாடு சிறிது உண்டு. நூலின் இறுதியில் இரு வழக்கும் கொண்ட பெயரட்டவணையும் வழிப்படமும் சேர்த்தால் அது பெரிதும் நீங்கும். ஆயின் முழுவதும் நீக்கவேண்டிய இடர்ப்பாடும் அன்று அது. சென்னையிலிருந்து புறப்படுவோர்க்கு ஊர்ப்பெயர்களின் ஈறுகள் சிறிது சிறிதாக மாறுவதே தாம் வேறு நிலத்தில் நுழைந்ததன் முதல் அறிகுறி. ஊரும் பாக்கமும் மெல்லக் குறைந்து, செருவும் பல்லெயும் கொண்டயும் மிகும். எல்லைக்கல் நடப்படாத 1830 இல் அம்மாற்றமே எல்லை. எல்லாப் பெயர்களையும் தமிழாக்கினால் வாசகர் சென்னையிலேயே நின்றுவிடுவர். எல்லாவற்றையும் ஆங்கில வழி ஒலிபெயர்த்தால் எங்கும் சென்றவராகார்.

8. முடிவுரை

உறவுமொழி என்னும் நெருக்கம் மொழிபெயர்ப்பாளருக்கு உதவியும் தடையும் ஆகிறது. வேரொற்றுமை ஒப்பியலார்க்குச் சான்று. மொழிபெயர்ப்பாளருக்கு அது தொடக்கக் குறிப்பு மட்டுமே. 1997 இல் மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதன் நோக்கங்களுள் இம்மொழிகளிடையே உறவை வளர்த்தலும் ஒன்று. அந்நோக்கத்திற்கு உதவும் சிறுபணியாக, சித்தூர் – திருப்பதிப் பகுதியின் நிலச்சொற்களுக்குத் தமிழ் – தெலுங்கு இணைச்சொல் அகராதி ஒன்று தொகுக்கப்படுதல் வேண்டும். சொல்லின் வேரை மட்டுமன்றி, எந்த நீரை, எந்த மேட்டை, எந்த வெளியை அது குறிக்கிறது என்பதையும் அவ்வகராதி காட்டவேண்டும். நீதிமன்றத்தில் பிறர் சொற்களைப் பிறழாது பெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த வீராசாமியின் நூலைத் தமிழாக்க முனைவோர்க்கு அது முதற்கருவியாக அமையும்.